ஏட்டில் ஏறாத சுரைக்காய்

வாசகர் கேள்வி – பதில்

நாட்டின் அறிவுச் செல்வம், புத்தாக்கம், அவற்றால் சமுதாயம் பெறக்கூடிய புத்துயிர் ஆகியவை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள ஊர்களிலிருந்து வந்தவை. அஞ்சல் குறியீட்டு எண்ணில் மாநிலம் வேறானாலும் எழுத்தும் கவலையும் கம்பம் பள்ளத்தாக்கினுடையவையே. எழுதியவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டுப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ‘அறிவுசார் மூலதனம்’ என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தோட்டக் கணக்கு எழுதிவருகிறேன். நிலம், காய் உலர்த்தும் ஸ்டோர், ஜீப், உரம், கூலி எல்லாவற்றுக்கும் பேரேட்டில் பக்கம் இருக்கிறது. அறிவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
(ஏலத்தோட்டக் கணக்கர், வண்டன்மேடு)

நீங்கள் கேலியாகக் கேட்டிருந்தாலும் கேள்வி கேலிக்குரியது அன்று. இதையே மெய்யாகக் கேட்டுக்கொண்டு கணக்கெழுத உட்கார்ந்தவர்கள் சுவீடனில் இருந்தார்கள். ஸ்காண்டியா என்னும் காப்பீட்டு நிறுவனம் 1994-ஆம் ஆண்டுக்கான தன் ஆண்டறிக்கையோடு அறிவுசார் மூலதனத்துக்கெனத் தனி இணைப்பு ஒன்றை வெளியிட்டது. லீஃப் எட்வின்சன் என்பவர் அந்த முயற்சிக்குத் தலைமை ஏற்றார். அவர்களுடைய பகுப்பு எளியது. பணியாளரின் தலைக்குள்ளும் கைக்குள்ளும் இருக்கும் அறிவு ஒருவகை. மாலையில் பணியாளர்கள் வீட்டுக்குப் போன பிறகும் நிறுவனத்திலேயே தங்கிவிடும் அறிவு, அதாவது குறிப்பேடுகளும் செய்முறைகளும் தரவுகளும் வாடிக்கையாளர் உறவும், இன்னொரு வகை. முதல் வகை எவ்வளவு வளமாக இருந்தாலும், அதை இரண்டாவது வகையாக மாற்றத் தெரியாத நிறுவனம் ஒவ்வொரு நாளும் காலையில் பணக்காரனாகவும் மாலையில் ஏழையாகவும் இருக்கிறது.

இந்தப் பகுப்பு நம் ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மேலே போவதையும், பிற்பகலில் அதே ஜீப்புகள் இறங்கி வருவதையும் நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். அந்த ஜீப்பில் கூலி வருகிறது என்று மட்டும் எழுதிப் பழகிவிட்டோம். எந்தக் காய் பறிக்கத் தக்க கரிங்காய்ப் பருவத்துக்கு வந்துவிட்டது, எதை அடுத்த எடுப்புக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதைச் சரத்தின்மேல் விரல் ஓடும்போதே தெரிந்துகொள்ளும் அறிவும் அதே ஜீப்பில்தான் ஏறி இறங்குகிறது. ஒரு ஸ்டோரில் இரவு நெருப்புக்குக் காவல் இருந்த பெரியவர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன்பு கவனித்தேன். வெப்பமானி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. தட்டிலிருந்து ஒரு கைப்பிடி காயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார், விறகை ஒரு சாண் வெளியே இழுத்தார், மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டார். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் ஏலம் விடும்போது விலை விழுந்துவிடும். அந்தத் தோட்டத்தின் ஆண்டு வருமானத்தில் கணிசமான பங்கு அந்தக் காதில் இருந்தது. பேரேட்டில் அவர் பெயருக்கு நேராக இருந்தது இரவுக் கூலி மட்டும்தான்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று பழமொழி சொல்லிப் படித்தவர்களை இடித்துரைப்பது நம் வழக்கம். எனக்கென்னவோ நம் நாட்டின் பெரிய குறை அதற்கு நேர்மாறானது என்று தோன்றுகிறது. கொல்லையில் காய்க்கும் சுரைக்காய் ஏட்டில் ஏறுவதில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: பக்கம் இல்லையென்றால் ஒரு பக்கம் திறவுங்கள். எந்த வயலில் எந்தச் செடி நோயில்லாமல் நின்றது, அதை முதலில் சுட்டிக்காட்டியவர் யார், எந்த நாளில் என்று எழுதத் தொடங்கினாலே போதும். ரூபாய்க் கணக்கு அதற்குத் தேவையில்லை.

கேள்வி: ஞல்லானி ஏலத்தைக் கண்டுபிடித்தவர் விவசாயிதானே? ஊரெல்லாம் அதை நட்டுப் பிழைக்கிறது. அவருக்கு என்ன கிடைத்தது? நாளை நான் ஒரு நல்ல செடியைக் கண்டுபிடித்தால் எனக்கும் அதுதானே நிலைமை?
(சிறு விவசாயி, போடிநாயக்கனூர்)

ஆம், விவசாயிதான். இடுக்கி மாவட்டம் கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்திலேயே மிகுதியாகக் காய்த்த செடிகளைக் கண்டு, பொறுக்கி, பக்கக் கன்று பிரித்துப் பெருக்கிய வகை அது. குடும்பப் பெயரே வகையின் பெயராயிற்று. அதன் அருமை விளங்க வேண்டுமானால் அதற்கு முந்தைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏலம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பயிர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் ஏலம் போய்ச் சேர்ந்த குவாத்தமாலா, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உற்பத்தியில் நம்மை முந்திக்கொண்டது. 1980-களில் நம் நாட்டின் சராசரி விளைச்சல் எக்டேருக்கு நூறு கிலோ உலர்காயைக்கூட எட்டவில்லை. ஞல்லானியோ நல்ல பராமரிப்பில் ஆயிரம் கிலோவைத் தாண்டியது. தாய்மண்ணிலேயே தோற்றுக்கொண்டிருந்த ஒரு பயிரை நிமிர்த்தி நிறுத்தியதில் அந்த ஒரு குடும்பத்தின் கவனிப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இதில் தாவர இயலின் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏலப்பூவில் மகரந்தத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் தேனீ. அது பல செடிகளுக்கும் போய்வருவதால் விதையிலிருந்து முளைக்கும் நாற்று தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. பத்து நாற்றில் பத்து விதமான குணம் தெரியும். இந்தக் கலப்பினால்தான் தோட்டத்தில் திடீரென்று ஓர் அபூர்வச் செடி தோன்றுகிறது. அதைக் கண்டுகொள்ளக் கண் வேண்டும். கண்டுகொண்டபின் அந்தக் குணம் சிதறாமலிருக்க விதையை விட்டுவிட்டுத் தூரைப் பிரித்து நட வேண்டும். கன்று பிரித்தால் தாயின் அச்சு அப்படியே வரும். ஆனால் கன்றைப் பிரிக்கக் கருவியோ கூடமோ தேவையில்லையே! ஒரு மண்வெட்டியும் ஒரு சாக்கும் போதும். வாங்கிப்போன ஒவ்வொருவரும் சில ஆண்டுகளில் தாமே கன்று விற்பவர்களானார்கள். ஆகவே அந்த வகை மலையெங்கும் பரவியதும் உருவாக்கியவர் கைக்கு உரிய பங்கு வராமல் போனதும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரைப் பாராட்டி விருது அளித்தது; பாராட்டு வேறு, உரிமை வேறு.

அப்போது உரிமை தரும் சட்டமே இங்கு இல்லை. பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ல்தான் இயற்றப்பட்டது. அதற்குள் ஞல்லானி ஊர்ச்சொத்தாகிவிட்டது. உங்கள் நிலைமை வேறு. அந்தச் சட்டத்தின் கீழ் விவசாயி தாம் உருவாக்கிய வகையைத் தம் பெயரில் பதிவு செய்யலாம். விவசாயியிடம் பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை. ஏலம் போன்ற பயிர்களுக்குப் பதிவுக் காலம் மொத்தம் 15 ஆண்டுகள். வகை மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, செடிக்குச் செடி ஒரே சீரானது, தலைமுறை மாறினாலும் குணம் மாறாதது என்று காட்ட வேண்டும். இங்கேதான் நம்மவர் பலரும் இடறுகிறார்கள். செடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஆண்டு கண்டது, எத்தனை தூர் பிரித்தது, முதல் மூன்று ஆண்டு எவ்வளவு காய்த்தது என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட இராது. பாம்பாடும்பாறை ஏல ஆராய்ச்சி நிலையத்தாரிடம் செடியைக் காட்டுவதற்கு முன்பே அந்தச் சீட்டை எழுதி வையுங்கள்.

ஆனால் உரிமை ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த மலையின் கதை சரியாக விளங்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஞல்லானியைப் பூட்டி வைத்திருந்தால் வண்டன்மேட்டுச் சிறு விவசாயி இன்று ஓட்டுவீடு மாற்றிக் கான்கிரீட் வீடு கட்டியிருப்பாரா என்பது ஐயமே. அகமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர் அனில் குப்தா 1980-களின் இறுதியில் தொடங்கிய கிராமப்புறப் புத்தாக்க இயக்கத்துக்குத் தேனீயின் பெயரை வைத்தார். தேனீ எடுத்துப்போவதால் பூ ஏழையாவதில்லை. ஒரு பூவின் மகரந்தம் இன்னொன்றுக்கும் சேர்கிறது. அறிவைச் சேகரிப்பவர் கொடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், சேகரித்ததை அவருடைய மொழியிலேயே திருப்பித் தர வேண்டும், அதனால் வரும் பணத்தில் அவருக்குப் பங்கு தர வேண்டும் என்பவை அந்த இயக்கத்தின் நிபந்தனைகள். ஏலக்காட்டுக்காரர்களுக்குத் தேனீயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டி வைத்தால் காய் கூடும் என்பது இங்கே சிறுவர்க்கும் தெரியும். நாம் தேனீயிடம் கற்காதது மற்ற நிபந்தனைகளைத்தான்.

கேள்வி: உலகப் புத்தாக்கக் குறியீட்டில் இந்தியா முன்னேறிவிட்டது என்று எங்கள் கல்லூரியில் விழா எடுத்தார்கள். உண்மையிலேயே முன்னேறியிருக்கிறோமா?
(பொருளியல் மாணவி, உத்தமபாளையம்)

முன்னேறியிருக்கிறோம், 2015-ல் 81-ஆம் இடத்தில் இருந்த நாடு 2024-ல் 39-ஆம் இடத்துக்கு வந்தது. 2023-24-ஆம் நிதியாண்டில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை வழங்கியது. விழா எடுத்ததில் தவறில்லை. ஆனால் பொருளியல் மாணவியாகிய நீங்கள் இன்னோர் எண்ணையும் அதன் அருகில் எழுதிப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு (2020-21). சீனம் 2 விழுக்காட்டுக்கு மேலும், தென்கொரியா 5 விழுக்காட்டை ஒட்டியும் செலவிடுகின்றன. அந்த நாடுகளில் இச்செலவின் பெரும்பகுதியைத் தனியார் தொழில்துறை ஏற்கிறது. இங்கே அரசின் தோளில்தான் பெரிய பாரம். ‘அனுசந்தான்’ என்ற பெயரில் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்து, ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் திட்டமிட்டு, அதில் பெரும்பங்கை அரசு அல்லாத மூலங்களிலிருந்து திரட்ட எண்ணியிருப்பதும் இந்தச் சாய்வைச் சரிசெய்யத்தான்.

ஒரு தனிக்கருத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை எண்ணிக்கையைக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காகச் சேர்க்கத் தொடங்கியபின் அந்த எண்ணை முன்புபோல் நம்ப எனக்கு மனமில்லை. சட்டகமிட்டு முதல்வர் அறையில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களில் எத்தனை, ஒரு பட்டறைக்காவது உரிமம் கொடுக்கப்பட்டு ஒரு பொருளாகக் கடைக்கு வந்தன என்று அடுத்த விழாவில் எழுந்து கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், தேர்வு இருக்கிறது.

கேள்வி: படித்த பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டால் நாட்டின் அறிவு வற்றிவிடாதா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், குமுளி)

போகிறவர்கள் பணமும் அனுபவமும் அனுப்புகிறார்கள், சிலர் திரும்பியும் வருகிறார்கள். போகாமல் இங்கேயே இருந்துகொண்டு, தாம் கற்றதற்குத் தொடர்பில்லாத வேலையில் நாற்பது ஆண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

கேள்வி: நல்ல யோசனையை அதிகாரிகள் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். தள்ளப்பட்ட யோசனைக்கு மறுபிறவி உண்டா?
(ஊராட்சி முன்னாள் உறுப்பினர், கூடலூர்)

கூடலூரில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! நீங்கள் குடிக்கும் தண்ணீரே அப்படி ஒரு மறுபிறவிதான். மேற்கே ஓடிக் கடலில் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை 1789 வாக்கில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளையிடம் தோன்றியது; ஆட்களை அனுப்பி மலையைப் பார்த்துவரவும் செய்தார்; செலவுக்கு வழியில்லை. 1808-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் பொறியாளர் கால்டுவெல் மலையேறி ஆராய்ந்துவிட்டு, இது வெறும் கற்பனை, மேற்கொண்டு கருதத் தக்கதன்று என்று எழுதிவிட்டார். (திருநெல்வேலியில் வாழ்ந்து மொழி ஆராய்ந்த கால்டுவெல் வேறு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1850-இல் சிறிய அளவில் தொடங்கிய வேலையும் காய்ச்சலாலும் கூலிச் சிக்கலாலும் நின்றது. 1887-ல் பென்னிகுக் தலைமையில் மீண்டும் தொடங்கி, சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் சேர்த்த கலவையில் அணையெழுப்பி, மலையைக் குடைந்து 1895-ல் தண்ணீரை இந்தப் பக்கம் விட்டார்கள். யோசனைக்கும் தண்ணீருக்கும் இடையே 106 ஆண்டுகள்.

நம் பக்கத்தில் கடைக்குக் கடை, ஆட்டோவுக்கு ஆட்டோ பென்னிகுக்கின் படம் இருக்கிறது, அது நியாயமே. ஆனால் இந்தக் கதையில் நான் வியப்பது தள்ளுபடி செய்த அந்த அறிக்கையை. ‘முடியாது’ என்று சொன்னவர் தாம் பார்த்தவற்றைத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த பொறியாளருக்கு எங்கே நின்று எதை மறுக்க வேண்டும் என்பது தெரிந்தது. தோல்வியும் ஏட்டில் ஏறியிருந்தது. உங்கள் ஊராட்சியில் தள்ளுபடியான திட்டங்களின் கோப்புகள் இருக்கின்றனவா? எந்தக் காரணத்தால் தள்ளினார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினீர்களா? வாங்காமல் கோபித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்றால், அடுத்த தலைமுறை உறுப்பினர் உங்கள் யோசனையை மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்குவார்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே காணிக்காரப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய மூலிகை அறிவிலிருந்து மருந்து செய்து பங்கும் கொடுத்தார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அது வெற்றிக்கதையா?
(முதுகலை மாணவர், குலசேகரம்)

பாதி வெற்றிக்கதை. 1987-ன் இறுதியில் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்ற ஆய்வுக்குழு ஏறமுடியாமல் களைத்தபோது, வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஏதோ சிறிய காயை மென்றுகொண்டு அலுப்பில்லாமல் நடந்தார்கள். குழுவினருக்கும் கொடுத்தார்கள், களைப்பு நீங்கியது. என்ன காய் என்று கேட்டதற்கு உடனே சொல்லிவிடவில்லை, அது இனத்துக்குள் வைத்திருக்கும் இரகசியம் என்று தயங்கினார்கள். பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் கேரளத்தின் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கொண்டு ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் 2 விழுக்காடு உரிமைப் பங்குக்கும் உற்பத்தி உரிமை தரப்பட்டது. வந்ததில் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அந்தப் பணத்தைப் பெறுவதற்காக 1997-ல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. இந்தியாவின் உயிரியற் பன்மைச் சட்டம் 2002-ல்தான் வந்தது என்பதை நினைத்தால், சட்டம் கட்டாயப்படுத்தாதபோதே பங்கு கொடுத்த அந்த நேர்மை பெரிது. உலகம் முழுவதும் இதை எடுத்துக்காட்டாகச் சொன்னதில் வியப்பில்லை.

மற்றப் பாதியைப் பார்ப்போம். காணிகள் மென்றது காயை. மருந்துக்கு வேண்டியிருந்தது இலை. இலை பறிக்கக் காட்டுக்குள் போனபோது வனத்துறை சட்டத்தைக் காட்டித் தடுத்தது. காட்டுக்கு வெளியே வளர்த்த செடியில் குணம் குறைந்தது. பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டவர்கள் சில குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். தொலைவில் இருந்த குடியிருப்புகள் தங்களைக் கேட்கவில்லையே என்று குறைப்பட்டன. அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. மலையின் இந்தப் பக்கம் பேச்சிப்பாறைக்கு மேலும் பாபநாசத்துக்கு மேலும் வாழும் காணிகள் அவர்களுக்கு உறவுக்காரர்கள்தாமே; அந்த அறிவு 1956-ல் மாநில எல்லைக் கோடு போட்டபோது கேரளத்தோடு மட்டும் போய்விட்டதா? வெளிநாட்டிலோ ‘ஜீவனி’ என்ற பெயரை வேறொரு நிறுவனம் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. இங்கிருப்பவர்கள் அங்கே பதிவு செய்யாததுதான் காரணம்.

மஞ்சளுக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புண்ணை ஆற்ற மஞ்சள் என்று 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடி 1997-ல் அதை நீக்க வைத்தது. வாதத்தில் வென்றது பாட்டிமார் சொன்னதால் அன்று. பழைய நூல்களிலும் ஆய்விதழ்களிலும் அச்சில் இருந்ததால். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2001-ல் மரபறிவு மின்னூலகத்தைத் தொடங்கிச் சித்தம், ஆயுர்வேதம், யூனானி நூல்களின் செய்முறைகளைப் பல உலக மொழிகளில் பெயர்த்து, அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்தார்கள். நூலில் உள்ளதற்கு இந்தக் காவல் உண்டு. காணியின் நாவில் மட்டும் இருப்பதற்கு இல்லை. அதை எழுதி வைத்தாலோ இரகசியம் போய்விடும். இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதைக் காணிகள்தாம் முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நீங்கள் ஆய்வேட்டுக்காக மலையேறப் போகிறவர் என்றால், முதல் நாள் கையில் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் நான் ஒருத்தியே மூன்று வகுப்பைப் பார்க்கிறேன். புதுமை, புத்தாக்கம் என்ற பேச்சுக்கு இங்கே என்ன வேலை?
(ஆசிரியை, பீர்மேடு)

உங்கள் நிலைமையிலிருந்துதான் ஒரு பெரிய புத்தாக்கம் பிறந்தது, அம்மா. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியார் சுற்றுவட்டக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தினார்கள். ஒரே அறை, பல வயதுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியர். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் நடத்த முடியாது என்பதை ஒரு குறையாகக் கொள்ளாமல், அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு பாடநூலைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். குழந்தை தான் நிற்கும் படியைக் கற்றல் ஏணியில் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, குழுவில் உட்கார்ந்து கற்கும். இரண்டு நாள் விடுப்பு எடுத்துத் திரும்பிய குழந்தை விட்ட படியிலிருந்தே தொடரலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பது உங்களுக்குத் தெரியும். சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அட்டைகளைத் தமிழில் தாங்களே எழுதினார்கள். 2003 முதல் மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007 முதல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. சுவரின் அடிப்பகுதியில் தாழ்வாக ஓடும் கரும்பலகையைப் பல பள்ளிகளில் இன்றும் பார்க்கலாம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். தாமே அட்டை எழுதிய ஆசிரியருக்கு அது தம் கைச்சரக்கு. அச்சிட்டு அனுப்பப்பட்ட பெட்டியைப் பெற்றவருக்கு அது மேலிடத்து உத்தரவு. பரவப் பரவ அந்த முறையின் உயிர் மெலிந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே நீங்கள் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய காலண்டர் அட்டையில் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏலக்காய், தேயிலை, ஜீப், அட்டைப்பூச்சி ஆகியவற்றை வைத்துப் பத்து அட்டை எழுதுங்கள். பயன்பட்டது எது, பயன்படாதது எது என்று பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போகும் நாளில் அந்தக் கட்டை அலமாரியில் விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: கம்பத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஏலக்காயின் காம்பையும் பூ எச்சத்தையும் உடைக்காமல் நீக்கும் சிறிய இயந்திரம் ஒன்று செய்திருக்கிறேன். அடுத்த மாதம் வேளாண் கண்காட்சியில் வைக்கச் சொல்கிறார்கள். அதற்குள் வீடியோ எடுத்துப் போடவும் தம்பி அவசரப்படுத்துகிறான். செய்யலாமா?

வேண்டாம், விண்ணப்பம் போட்ட பிறகு செய்யுங்கள். காப்புரிமை கிடைக்க வேண்டுமானால் விண்ணப்பித்த நாளுக்கு முன்பு அந்தக் கண்டுபிடிப்பு உலகில் எங்கும் வெளிப்பட்டிருக்கக் கூடாது. அரசிதழில் அறிவித்த கண்காட்சி, செய்துபார்ப்பதற்கென்றே நடத்திய சோதனை போன்ற சில விலக்குகள் உண்டு; உள்ளூர்க் கண்காட்சியை அவற்றில் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. உங்கள் தம்பி போடும் வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

முழு விவரம் இன்னும் தயாராகவில்லை என்றால் முதற்கட்ட விவரக்குறிப்போடு விண்ணப்பித்து அந்தத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழு விவரத்தைத் தர அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகமே பொறுப்பு. காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இயந்திரம் வேலை செய்யும் விதம் பழையது, வெளித்தோற்றம் மட்டும் புதியது என்றால் காப்புரிமைக்குப் போகாமல் வடிவமைப்புப் பதிவுக்குப் போங்கள். அதற்கு 10 ஆண்டுகள், பின்னர் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

சல்லடை உருளையின் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்தினீர்கள் என்பதைக் கடிதத்திலேயே படம் வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். அதை இங்கே வெளியிடவில்லை. இதழில் வந்தால் அதுவும் வெளிப்பாடுதான். படத்தை உறையிலிட்டு ஒட்டி, திருப்பி அனுப்பியிருக்கிறேன். பட்டறை நோட்டில் தேதியோடு அதை வரைந்து, பக்கத்தில் நின்று வேலை பார்த்த பையனிடம் ஒரு கையொப்பம் வாங்கி வையுங்கள். உருளையின் சரிவை மாற்றச் சொன்னவன் அவன்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் பெயர் கேட்கும் இடத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர்களை எழுத இடம் இருக்கிறது.